டி.சி. வாங்கப் போகும் முன்

அக்கா, நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். பாப்பா பத்தாம் வகுப்பில் நல்ல மார்க், ராக்கெட் எஞ்சின் செய்யப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அதனால் களியக்காவிளை தாண்டி, கேரளாவில் பாறசாலைப் பக்கம் பிளஸ் டூ சேர்த்து, கூடவே திருவனந்தபுரத்தில் என்ட்ரன்ஸ் கோச்சிங்கும் போட்டுவிட்டு, அப்புறம் ஏரோஸ்பேஸ் படிக்க ஒரு காலேஜ் பார்க்கலாமா, இதுதானே கேள்வி? கடைசியில் தயங்கித் தயங்கி ‘பெண்பிள்ளைக்கு இது சரிப்படுமா’ என்றும் கேட்டீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர், நம்மைப் போல மலையாளக்கரை ஓரத்தில் பிறந்தவர்தான். சரி, அடுத்தது.

காலேஜ் பெயரைச் சொல்லும் முன்னால் அந்த எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதைப் படிக்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. வள்ளத்தில் நின்றுகொண்டு தேங்காயைப் பின்பக்கம் வீசி எறிந்தால் வள்ளம் முன்னால் நகரும் இல்லையா, ராக்கெட்டும் அவ்வளவுதான், தேங்காய்க்குப் பதில் சூடான வாயு. எவ்வளவு வாயு, எவ்வளவு வேகம், இந்த இரண்டும் சேர்ந்துதான் உந்துவிசை. ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சினில் அந்த வாயு நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் பாயும், அந்த வேகத்தில் களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போய்ச்சேர இரண்டு மூன்று நொடி போதும்.

எல்லாரும் நெருப்பைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இஸ்ரோ ராக்கெட்டுகளில் இருக்கும் நம் விகாஸ் எஞ்சினில் எரிபொருளும் ஆக்சிஜன் தரும் திரவமும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சிகூட வேண்டாம். சிரமம் மற்ற இடங்களில் இருக்கிறது. எரியும் அறைக்குள் காற்றழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் அழுத்தம் இருக்கும், அதை எதிர்த்துத் திரவத்தை உள்ளே தள்ள வேண்டும். டேங்கையே அந்த அழுத்தத்தில் வைத்தால் சுவர் தடித்து, ராக்கெட் தன் எடையைத் தூக்கவே திணறும். அதனால் நடுவில் ஒரு பம்ப், அதைச் சுழற்ற ஒரு டர்பைன், டர்பைனுக்கு வாயு கொடுக்கத் தனியாக ஒரு குட்டி அடுப்பு. 2010 ஏப்ரல் 15-இல் நம் நாட்டு கிரையோஜெனிக் எஞ்சினோடு, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்கும் எஞ்சினோடு, முதல்முறை கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்ததற்கு, ஹைட்ரஜன் பக்கத்து பூஸ்டர் பம்ப் நின்றுபோனதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதைச் சரிசெய்து ஜெயிக்க 2014 ஜனவரி 5 ஆனது. ஒரு பம்ப், கிட்டத்தட்ட நாலு வருஷம்.

அடுத்தது சூடு. இந்த ஹைட்ரஜன் எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே 3000 டிகிரி அளவில் எரிகிறது, சுவரோ செம்புக் கலவை, செம்பு 1085 டிகிரியிலேயே உருகிவிடும். அப்புறம் எப்படித் தாங்குகிறது? சுவருக்குள்ளேயே மெல்லிய வாய்க்கால்கள் வெட்டி, மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜனை முதலில் அதன் வழியே ஓடவிட்டு, அது சுவரின் சூட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் எரிய அனுப்புகிறார்கள். எரியப் போகிற பொருளே எஞ்சினைக் குளிர வைக்கிறது. எனக்கு இதைவிட அழகான யோசனை எஞ்சினியரிங்கில் தெரியாது.

பாப்பாவிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். ஹோஸ் பைப்பின் வாயை விரலால் குறுக்கினால் தண்ணீர் வேகமாகப் பீறிடும். ராக்கெட் எஞ்சினில் வாயு ஒரு குறுகிய கழுத்து வழியாக ஒலியின் வேகத்தை எட்டுகிறது, அதற்குப் பிறகு குழாய் மணிபோல விரிகிறது, விரிய விரிய வேகம் இன்னும் கூடுகிறது. ஏன்? பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, பத்தாம் வகுப்புப் பாடத்தில் அது இல்லை. இரண்டு நாள் கழித்து அவளாக வந்து ‘அம்மா, அந்தக் குழாய்…’ என்று ஆரம்பித்தால் இந்த வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கு போன் பண்ணுங்கள். மறந்துவிட்டால் அவளுக்குப் பிடித்தது ராக்கெட் கிளம்பும் வீடியோ, அதுவும் தப்பில்லை, ஆனால் அதற்காக லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

இப்போது பாருங்கள், பம்ப், டர்பைன், வெப்பம், உலோகம், வெல்டிங்… இதெல்லாம் பெரும்பாலும் மெக்கானிக்கல். போர்டில் ‘ஏரோஸ்பேஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நானே மயங்கி ஒரு பையனை அப்படி ஒரு காலேஜுக்கு அனுப்பினேன், அங்கே ஓட்டிப் பார்க்க ஒரு டர்பைன்கூட இல்லை, அவன் அப்பாவைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கூச்சம். இஸ்ரோவின் விஞ்ஞானி-எஞ்சினியர் அறிவிப்புகளில் அதிக இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் வரும், டிகிரியில் 65 சதவீதம் அல்லது 10-க்கு 6.84 சி.ஜி.பி.ஏ. கேட்பார்கள். ஏரோஸ்பேஸ்தான் வேண்டும் என்றால் திருவனந்தபுரம் பக்கம் வலியமலாவில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.டி. என்ற விண்வெளிக் கல்வி நிறுவனம் நல்ல இடம், அதற்கு ஐ.ஐ.டி.க்கு எழுதும் அதே ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் ரேங்க் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கதை முடிந்தது என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் நம் குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளைக்காரர், கிரையோஜெனிக் எஞ்சின்தான் அவர் துறை. மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, எஞ்சினியரிங் டிகிரிக்குச் சமமான ஏ.எம்.ஐ.இ. தேர்வை முடித்து, அப்புறம்தான் காரக்பூர் ஐ.ஐ.டி.க்குப் போனார். கிழக்கே மகேந்திரகிரியில் இந்த எஞ்சின்களைக் கட்டிப்போட்டு ஓட்டிப் பார்க்கிறார்களே, அங்கே டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் வேலை உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து நம் அரசுப் பள்ளியில் படித்தவள். பன்னிரண்டு வரை இங்கேயே முடித்தால் எஞ்சினியரிங் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. பிளஸ் டூவுக்காக எல்லை தாண்டினால் இரண்டும் போய்விடும். கோச்சிங் வேண்டுமானால் இங்கே படித்துக்கொண்டே சனி, ஞாயிறு பஸ் ஏறிப் போய் வரட்டும், ஒரு மணி நேரப் பயணம்தானே. பாறசாலை ஸ்கூலுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டீர்களா என்று மட்டும் இன்று ராத்திரி சொல்லுங்கள். டி.சி. கேட்டு இந்த வாரம் ஹெட்மாஸ்டரிடம் போக வேண்டாம்.