கதிர்வீச்சு நாட்களில் மஞ்சளும் வேப்பிலையும் பூசலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். இப்போது கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. மொத்தம் 15 முறை, பாதி முடிந்துவிட்டது. அந்த இடத்துத் தோல் இறுகி அரிக்கிறது, கொஞ்சம் கறுத்தும் இருக்கிறது. ஊரிலிருந்து பெரியம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார். அம்மாவும் மருந்துக் கிரீம் வேண்டாம், இயற்கையானதுதான் வேண்டும் என்கிறார். கற்றாழை, தேங்காய் எண்ணெய் போடலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மாவுக்கு வந்திருப்பது கதிர்வீச்சு எடுக்கும் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவில் வருவதுதான். தோலின் அடி அடுக்கில் புதுச் செல்கள் ஓயாமல் உருவாகி மேலே வந்துகொண்டிருக்கும். கதிர்வீச்சு அந்த உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. மேலே இருப்பவை வழக்கம்போல உதிர, ஈடுகட்டக் கீழிருந்து போதிய செல்கள் வருவதில்லை. தோல் மெலிந்து, வறண்டு, தொட்டாலே எரிகிற நிலைக்குப் போகிறது. இந்த நேரத்தில் எதைப் பூசினாலும் மெலிந்துபோன தோலில்தான் பூசுகிறோம். மற்ற நாட்களில் ஒன்றும் செய்யாத பொருள்கூட இப்போது புண்ணாக்கிவிடும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது வேண்டவே வேண்டாம். காய்ந்தவுடன் அது தோலை இழுக்கும், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அம்மிக்கல்லிலோ மிக்ஸியிலோ அரைத்தது கிருமியற்றதாகவும் இருக்காது. இன்னொரு சிக்கல், மஞ்சள் கறைக்கு அடியில் தோல் எப்படி இருக்கிறது என்று தாதியால் பார்க்க முடியாது. நம் மாநிறத் தோலில் இந்தப் பாதிப்பு சிவப்பாகத் தெரிவதே குறைவு. கறுப்பாக, பளபளப்பாக, சில நேரம் சாம்பல் பூத்ததுபோலத்தான் தெரியும். சிவப்பைத் தேடுகிறவர்கள் 'லேசாகத்தான் இருக்கிறது' என்று நினைத்துவிடலாம். அதனால் வலி, எரிச்சல், சூடு எவ்வளவு என்பதை அம்மா வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் 'பரவாயில்லை' என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். நீங்கள் கூடப் போகும் நாளில் அவருக்காகக் கேளுங்கள்.

சமையலில் மஞ்சள் தாராளமாகச் சேர்க்கலாம். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் என்ற பொருளின் மாத்திரை வேறு விஷயம். மார்பகக் கதிர்வீச்சு எடுத்த 686 பேரில் ஒரு பகுதியினருக்கு அதையும் மற்றவர்களுக்குப் போலி மாத்திரையையும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. தோல் பாதிப்பு குறையவில்லை. இத்தகைய மாத்திரைகளையும் அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளையும் சிகிச்சைக் குழுவிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கற்றாழையைப் பலரும் நம்புகிறார்கள். கதிர்வீச்சுப் புண்ணை அது தடுக்கிறதா என்று பல ஆய்வுகள் நடந்தன, பெரிய பலன் தெரியவில்லை. குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். தேக்கா சந்தையில் வாங்கிய மடலை வெட்டித் தடவ வேண்டாம். மடலின் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் நிறப் பால் எரிச்சல் தரும். தேங்காய் எண்ணெய், மணம் சேர்க்காதது, தோல் உடையாத இடத்தில் மெல்லியதாகத் தடவலாம். அதுவும் அன்றைய கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, குழு சம்மதித்தால் மட்டும். சிகிச்சைக்குப் போகும் முன் கெட்டியாக எதையும் அப்பக் கூடாது. தடிமனான படலம் இருந்தால் தோலில் விழும் கதிர்வீச்சின் அளவு கூடிவிடும்.

செடிகளில் ஓரளவு நல்ல சான்று இருப்பது காலெண்டுலா என்ற பூச்செடியிலிருந்து செய்யும் களிம்புக்கு. 2004-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 254 மார்பகப் புற்றுநோயாளிகளில் அதைப் பூசியவர்களில் 41 விழுக்காட்டினருக்கும், வேறொரு கிரீம் பூசியவர்களில் 63 விழுக்காட்டினருக்கும் நடுத்தர அல்லது கடும் பாதிப்பு வந்தது. ஆனால் சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மாலைக்குக் கட்டுகிற செண்டுப்பூ வேறு செடி, அதை அரைத்துப் பூசாதீர்கள். ஆயத்தக் களிம்பை மருந்தாளரிடம் கேட்டு வாங்கி, பூசும் முன் தாதியிடம் காட்டுங்கள். இந்த வகைப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஆகாது.

அம்மாவின் கிரீம் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணமில்லாத சாதாரண ஈரப்பதக் கிரீம் போதும் என்று குழு சொன்னால் அதுவே போதும். மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு கிரீமை மருத்துவர் தந்தால் தயங்காமல் பூசச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதற்குச் சான்று வலுவானது. மருத்துவர் சொன்ன அளவிலும் காலத்திலும் பூசினால் பயப்பட வேண்டியதில்லை.

மற்றபடி தினமும் வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப் போட்டுக் கையாலேயே கழுவலாம், பிறகு ஒற்றித் துடைக்கலாம். கடலை மாவும் சீயக்காயும் அந்தப் பக்கம் வேண்டாம். கோடாலித் தைலம் மாதிரி மென்தால் தைலம் அங்கே படவே கூடாது. அரிக்கிறதே என்று கை தானாக அதைத் தேடும், நானறிவேன். சிங்கப்பூர் வெக்கையில் மார்பின் கீழ் மடிப்பிலும் அக்குளிலும் வியர்வை தேங்கி, தோல் முதலில் உடைவது அங்கேதான். கம்பி வைத்த உள்ளாடையை விட்டுவிட்டுத் தளர்ந்த பருத்தி உடை போடச் சொல்லுங்கள். தாலிக்கொடி உரசினால் சில வாரங்களுக்குப் பத்திரமாகக் கழற்றி வைக்கலாம். வெளியே போனால் குடை அல்லது மேல்துண்டு. நீச்சல் இப்போதைக்கு இல்லை.

அப்புறம், பலர் எதிர்பார்க்காத ஒன்று. கடைசி முறை முடிந்த பிறகு ஒன்றிரண்டு வாரங்களில்தான் தோல் மிக மோசமாகும். அன்றாடம் தாதியைப் பார்ப்பது நின்றுபோகும் நேரமும் அதுதான். 'முடிந்ததே, இப்போது மஞ்சள் போடலாமே' என்று வீட்டில் பேச்சு எழுவதும் அப்போதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில் ஆறிவிடும். கறுப்பு மங்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம்.

தோல் உரிந்து நீர் கசிந்தால், கெட்ட வாடை அடித்தால், வலி தூக்கத்தைக் கெடுத்தால், 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கிய அன்று மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண்ணை அன்றே அழையுங்கள். இரவு நேரமானால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பெரியம்மா அனுப்பியது உட்பட, பூசிய பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.