வளைத்த பிரம்பு நிமிர்ந்துவிடுகிறதா?

தம்பி, ராமேசுவரத்துப் பக்கம் மண்டபம் ஊரில் உங்கள் வடிவமைப்பு மாணவர்கள் வளைத்த நாற்காலிக் கை இரண்டே நாளில் நிமிர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். பிரம்பின் மேல் பழியில்லை. காயும் முன்பே அச்சிலிருந்து கழற்றிவிட்டீர்கள். கடற்காற்றில் உள்ளீரம் எளிதில் போகாது.

ஒரு அங்குலத் தடிமனுள்ள பிரம்புக் கழிக்கு அரைமணி நேரமாவது ஆவி கொடுங்கள். தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக வளைத்து, கயிற்றால் இறுக்கி, நிழலில் முழுதும் காயவிடுங்கள். பிரம்புக்கு மூங்கில்போல் உள்ளே பொந்து இல்லை, நார் நிறைந்தது. நிதானமாக வளைத்தால் இணங்கும். வெளிவளைவில் தோல் மயிரிழையாகப் பிளக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள்.

இரும்பு ஆணி மட்டும் வேண்டாம்! என் திண்ணை நாற்காலியில் ஒரே மழைக்காலத்தில் துருக்கறை இறங்கிவிட்டது. பித்தளை ஆணி அடித்து, மேலே பிரம்புப் பட்டை சுற்றுங்கள். முடிந்தால் கொள்ளிடம் பக்கத்துத் தைக்கால் கிராமத்துக்குப் போய், பிரம்புக் கைவினைஞர்கள் வேலை செய்வதை அருகில் நின்று பாருங்கள்.