ஒருவர் கட்டுரையை இன்னொருவர் திருத்தும்போது

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கூகுள் டாக்ஸில் கட்டுரை எழுதவைத்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தச் சொன்னேன். ஒரு மாணவியின் இரண்டு பத்திகளை உடன் படிக்கும் பையன் அழித்துவிட்டுத் தானே எழுதிவிட்டான். மீட்க முடியுமா?
– தமிழாசிரியை, விருதுநகர்

முடியும். கணினியில் கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’க்குப் போங்கள். தேதி, நேரத்தோடு பழைய படிகள் வலப்பக்கம் வரிசையாக நிற்கும். அழிப்பதற்கு முந்தைய படியைத் திறந்து, அந்த இரண்டு பத்திகளை மட்டும் காப்பி எடுத்து இப்போதைய கோப்பில் ஒட்டுங்கள். ‘ரிஸ்டோர்’ அழுத்தினால், அந்தப் பெண் பிறகு எழுதியவையும் கோப்பிலிருந்து போய்விடும்.

தவறு பையனுடையது மட்டுமல்ல. பகிரும்போது அவனுக்கு ‘எடிட்டர்’ உரிமை போயிருக்கிறது. ‘கமென்டர்’ உரிமை கொடுத்தால் அவன் எதைத் தொட்டாலும் அது பரிந்துரையாகத்தான் விழும். ஏற்பதா தள்ளுவதா என்று எழுதியவளே டிக் அல்லது பெருக்கல் குறியை அழுத்தி முடிவு செய்வாள். இணைப்பு உள்ள எவரும் கருத்திடலாம் என்று திறந்துவிடாதீர்கள். உள்நுழையாமல் வருபவர் ‘அனானிமஸ்’ என்றே தெரிவார். யார் சொன்னது என்று கண்டுபிடிக்க முடியாது. மின்னஞ்சல் முகவரி போட்டே பகிரச் சொல்லுங்கள்.

வகுப்புப் பணிகளைக் கொடுத்து வாங்கும் கூகுள் கிளாஸ்ரூம் வழியாகக் கொடுத்தால் இன்னொன்று: ‘டர்ன் இன்’ அழுத்தி ஒப்படைத்தபின் மாணவரால் அந்தக் கோப்பில் எழுத முடியாது. திருத்தமெல்லாம் அதற்கு முன்பே முடிய வேண்டும்.

‘நன்று’, ‘சூப்பர்’, ‘பிழை உள்ளது’ என்பதற்கு மேல் என் மாணவர்கள் கருத்து எழுதுவதில்லை. என்ன செய்யலாம்?
– ஆசிரியர், தஞ்சாவூர்

எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். முதல் நாள் நீங்களே எழுதிய பத்தி ஒன்றைத் திரையில் போட்டு, வகுப்பே அதற்குக் கருத்துச் சொல்லட்டும். பிறகு மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒருவர் மற்ற இருவரின் கட்டுரையையும் படிக்க வேண்டும். கட்டுரைக்கு மூன்று கருத்து போதும். இருபது குறி விழுந்தால் எழுதியவர் எதையும் படிக்காமல் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போவார். அங்கே படிப்பு நின்றுவிடும்.

முதல் சுற்றில் பொருளை மட்டும் பார்க்கட்டும், பிழையைத் தொட வேண்டாம். ‘எங்கள் ஊர்க் கண்மாய் மிகவும் அழகானது. அங்கே பல பறவைகள் வரும்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், ‘பறவைகள்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருத்துப்பெட்டி திறக்கும். அதில் ‘என்ன பறவை? எந்த மாதம் வரும்?’ என்று கேட்கலாம். எழுதியவர் திரும்பி வந்து, ‘ஐப்பசி மழைக்குப் பிறகு கருவேல மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் வந்து அடையும்’ என்று எழுதுவார். கேட்டவர் ஒரு வரிகூட எழுதிக்கொடுக்கவில்லை. இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

மொழிக்கு இரண்டாம் சுற்று, இன்னொரு நாளில். இங்கே அதிகம் தடுக்கி விழும் இடம் சந்தி. ‘பள்ளிக்கு சென்றேன்’ என்பதைப் ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்று திருத்துவார்கள், சரி. அதே வேகத்தில் ‘வந்த பையன்’ என்பதை ‘வந்தப் பையன்’ ஆக்குவார்கள், பிழை. ‘வந்த’ போன்ற பெயரெச்சத்தின் பின் வலி மிகாது, அதாவது க், ச், த், ப் சேராது. ஆகவே ஒற்றுப் போடுபவர், ‘நான்காம் வேற்றுமை உருபு, வலி மிகும்’ என்பதுபோல விதியையும் பக்கத்தில் எழுத வேண்டும். விதி சொல்ல முடியாவிட்டால் திருத்தக் கூடாது, கேள்வியாக வைக்கலாம்.

தமிழ் மென்பொருள் உருவாக்குநர் நீச்சல்காரன் செய்த திருத்திகளான ‘நாவி’ சந்திப் பிழைக்கும், ‘வாணி’ எழுத்துப்பிழைக்கும் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாணவர்கள் தங்கள் கண்ணால் பார்த்து முடித்த பிறகே அவற்றைத் திறக்கவிடுங்கள். முதலிலேயே திறந்தால் கருவி சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பார்கள்.

வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்த கட்டுரையை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக வருகிறதே?
– மாணவி, சேலம்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். அதில் தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு யூனிகோடு. இணையத்தில் உள்ள யூனிகோடு மாற்றி ஒன்றில் ஒட்டி மாற்றியபின் கொண்டுவாருங்கள். எண்களும் நிறுத்தற்குறிகளும் சில இடங்களில் குழம்பும், அவற்றை ஒருமுறை சரிபாருங்கள். அடுத்த கட்டுரையை நேரடியாக யூனிகோடிலேயே, தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடித்தால் இந்த வேலையே இல்லை.