மலை மேலே வேக்குவம் பம்ப்: கேள்வி பதில்

ஊட்டியில் முப்பது வருஷமாக ஃப்ரிட்ஜ், குளிர்பதன அறை, பம்ப் என்று பார்த்து வருகிறேன். மூடிய குழாய், பாக்கெட் போன்றவற்றிலிருந்து காற்றை வெளியேற்றுவதுதான் வேக்குவம் பம்ப். இந்த வாரம் சேர்ந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

கோத்தகிரி ஏசி மெக்கானிக்: அண்ணே, புது வேக்குவம் பம்ப். கோயம்புத்தூர் கடையில் ஓட்டிக் காட்டினப்போ முள் 28 இன்ச் போச்சு. இங்கே 24-லேயே நிக்குது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை தம்பி, பம்ப் நல்ல பம்ப்தான். அந்த முள் இருக்கும் கேஜ், அதாவது அழுத்தமானி, காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 30 இன்ச் பாதரசம், அதாவது அந்த உயரப் பாதரசத்தைக் குழாயில் தாங்கும் அளவு. உங்கள் ஊரில் 24, இங்கே ஊட்டியில் 2,240 மீட்டர் உயரத்தில் 23-க்கும் சற்றுக் குறைவு. இருப்பதே 24 இன்ச் என்றால் முள் அதற்கு மேல் எங்கே போகும்?

பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் 1648-லேயே இதைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மலையேறியது அவர் அல்ல, அவருடைய அக்கா புருஷன்! பிரான்ஸில் புய் தெ டோம் மலை உச்சிக்குப் பாதரசக் குழாயைக் கொண்டுபோனார், மட்டம் சுமார் 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. நீங்கள் ஒரு மைக்ரான் மீட்டர் வாங்கிவிடுங்கள். வெளிக்காற்றோடு ஒப்பிடாமல், உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தையே அது அளக்கும். அதற்கு ஊட்டியும் ஒன்றுதான், மேட்டுப்பாளையமும் ஒன்றுதான். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, வால்வை மூடி, பத்து நிமிஷம் ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கல்லூரி மாணவி, ஊட்டி: சார், பம்ப் காற்றை எப்படி இழுக்குது?

இழுப்பதே இல்லை அம்மா. ஓர் உருளைக்குள் ரோட்டர் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒட்டிச் சுற்றும். அதில் செருகிய இரண்டு தகடுகள் சுவரை உரசிக்கொண்டே போகும். தகட்டுக்குப் பின்னால் இடம் பெரிதாகும்போது அந்தப் பக்கம் அழுத்தம் குறையும், குழாயில் இருக்கும் காற்று தானாக அங்கே பரவும். அடுத்த அரைச்சுற்றில் அதே இடம் சுருங்கி, காற்றை நசுக்கி, எண்ணெய்க்கு அடியில் இருக்கும் வால்வு வழியாக வெளியே துப்பும். அவ்வளவுதான் வேலை.

டீத்தூள் பேக்கிங் யூனிட், குன்னூர்: அக்டோபர் மழை வந்தால் பம்ப் எண்ணெய் வெள்ளையாகிடுது சார். மாத்தினாலும் நாலு நாளில் அதே கதை.

கண்ணாடி வழியாகப் பார்த்தால் பால் அதிகமாக விட்ட டீ மாதிரி இருக்குமே, அதுதானே? தண்ணீர் கலந்துவிட்டது. தப்பு டீத்தூளில் இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அறையின் ஈரக்காற்றைத்தான் உறிஞ்சுகிறீர்கள். பம்ப் நசுக்கும்போது அந்த ஆவி, வால்வு திறப்பதற்கு முன்பே தண்ணீராகி எண்ணெயில் இறங்கிவிடும். விட்டு விட்டு ஓடுவதால் பம்ப் சூடாவதும் இல்லை.

பம்ப்மேல் சின்னத் திருகு ஒன்று இருக்கும், கேஸ் பேலஸ்ட் என்பார்கள். பலர் அதை இறுக்கி மூடி, பெயின்ட்டும் அடித்து வைத்திருப்பார்கள்! அதைத் திறந்தால் நசுக்கும் நேரத்தில் கொஞ்சம் வெளிக்காற்று சேரும், வால்வு சீக்கிரம் திறக்கும், ஆவி ஆவியாகவே வெளியேறிவிடும். பனிமூட்டக் காற்று போகுமே என்று பயப்பட வேண்டாம், பம்ப் சூட்டில் அது காய்ந்த காற்றுதான். காலையில் பேக்கிங்குக்கு முன் அரைமணி நேரம், முடித்த பிறகு அரைமணி நேரம் இதைத் திறந்து, உறிஞ்சும் வாயை மூடி ஓட்டுங்கள். முதலில் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

கோத்தகிரி மெக்கானிக் மறுபடியும்: ஏசி பைப்பில் வேக்குவம் எடுக்க ஜனவரியில் மட்டும் ஏன் இவ்வளவு நேரம் பிடிக்குது?

பைப்பில் ஒட்டிய ஈரம் கொதித்தால்தான் வெளியே வரும். 25 டிகிரியில் அழுத்தம் 32 மில்லிபாருக்கு இறங்கினாலே கொதித்துவிடும், 5 டிகிரியில் 9-க்குக் கீழே போக வேண்டும். பைப்பை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். நெருப்பு வேண்டாம்.

கொடைக்கானல் தோட்டக்காரர்: கிணற்றில் தண்ணீர் 25 அடியில். மேலே வைத்த மோனோபிளாக் பம்ப் எடுக்கவே மாட்டேங்குது.

எடுக்காது ஐயா. வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் ஏட்டுக்கணக்குப்படி 34 அடி தள்ளும், உங்கள் உயரத்தில் 26. நடைமுறையில் 18 கிடைத்தால் பெரிது. மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குங்கள், இல்லையென்றால் சப்மெர்சிபிள் போடுங்கள்.

கடைசியாக ஒருவர்: பம்ப் ஆயிலுக்குப் பதில் பைக் இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?

நானும் ஒருதரம் ஊற்றினேன். வேக்குவம் பாதியில் நின்றது, நுரை வந்தது, அப்புறம் பிரித்துக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. வேண்டாம்.