கை இறுகாமல், தூரிகையை வீசி, பல பொருட்களைக் கலந்து வரைந்து பழகுவது எப்படி?

முதலில் தாளை மாற்றுங்கள். விலை கூடிய 300 ஜி.எஸ்.எம். தடித்த தாளை முன்னால் வைத்துக்கொண்டு "இஷ்டப்படி வரை" என்றால் யாருக்கும் கை வராது, காசு கண்ணை உறுத்தும். நான் இருப்பது ஆந்திராவின் நகரியில். எல்லையைத் தாண்டினால் திருத்தணி. தெருவுக்குத் தெரு விசைத்தறி. அட்டை, அறுந்த பாவு நூல், சாயக்கறை பட்ட துண்டுத் துணி எல்லாம் சும்மாவே கிடைக்கும். என் படங்களில் பாதி இதன் மேல்தான். கெட்டாலும் நஷ்டமில்லை என்று தெரிந்துவிட்டால் கை தானாக ஓடும்.

அடுத்தது பிடி. சின்னத் தூரிகையை நுனிவிரலில் பிடித்தால் மணிக்கட்டுதான் அசையும். அட்டையைத் தரையில் போட்டு, நின்றபடி, பெயின்ட் அடிக்கிற பட்டைப் பிரஷ்ஷைக் காம்பின் கடைக்கோடியில் பிடித்து இழுங்கள். கோடு தோளிலிருந்து வரும். பாதி வழியில் வண்ணம் தீர்ந்து, மயிர் பிரிந்து, சொரசொரவென்று இழை இழையாக ஓடும். அந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். அதை நிரப்பப் போய்த்தான் பலர் படத்தைக் கெடுக்கிறார்கள்.

பொருட்களைக் கலப்பதற்கு எனக்குப் பிடித்த பாடசாலை பக்கத்திலிருக்கும் காளஹஸ்தி. அங்கே கலம்காரி, அதாவது துணியில் சாயத்தால் கையால் வரையும் ஓவியம், வரைகிறவர்களின் பேனா வெறும் மூங்கில் குச்சி. நுனியைச் சீவி, மேலே துணியைச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். சாயத்தில் தோய்த்து, அந்தச் சுற்றலை விரலால் அமுக்க அமுக்கச் சாயம் இறங்கும். கருப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைக்கிறார்கள். துணியோ முன்கூட்டியே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்ந்து காய்ந்தது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்தான் கருப்பு பிடிக்கும். பாலின் கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்கும்.

இதையே நான் பாலில்லாமல் அட்டையில் செய்கிறேன், எனக்குப் பரவத்தான் வேண்டும். கடுக்காய்த் தண்ணீரை வீசி விளாசி, காய்ந்ததும் மேலே இரும்புத் தண்ணீரை ஓட்டுவேன். கடுக்காய் பட்ட இடம் கண்ணெதிரே கருக்கும், மற்ற இடம் துருநிறத்தில் வெளிறி நிற்கும். வீட்டில் இரும்புத் தண்ணீரைப் புளிக்க வைத்தால் பாட்டில் மூடியை இறுக்காதீர்கள், பொங்கும். நாற்றத்துக்கு வீட்டில் திட்டும் விழும். விற்கிற படத்துக்கு மட்டும் இது வேண்டாம். இரும்புச் சாயம் வருடங்கள் போகப் போகத் தாளை அரிக்கும்.

"நூலையும் துணியையும் ஒட்டினால் ஓவியமா?" என்று யாராவது கேட்பார்கள். பிக்காசோ 1912-லேயே பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியைப் படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றிவிட்டார். வாக்குவாதத்தில் இறங்காமல் வேலையைப் பாருங்கள்.

ஆனால் எதன் மேல் எது என்பதில் மட்டும் இஷ்டம் செல்லாது. அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காமல் உரியும். மெழுகு கிரேயானை முதலில் தேய்த்துவிட்டு வாட்டர்கலர் ஓட்டினால், மெழுகு தண்ணீரை விலக்கி அழகாக நிற்கும். கரியைக் கடைசிக்கு வையுங்கள், இல்லையென்றால் எல்லா வண்ணமும் அழுக்காகிவிடும். நூல் ஒட்ட ஃபெவிகால் போதும். மழைக்காலத்தில் அது காய ஒரு ராத்திரி விடுங்கள், அதற்குள் மேலே பிரஷ்ஷை இழுத்தால் நூல் கையோடு வந்துவிடும்.