நீளமான கோல்ஃப் பட்டர் இருக்கலாம், நெஞ்சில் ஊன்றத்தான் கூடாது

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 61, கோல்ஃப் ஆடுகிறேன். குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் தட்டும்போது கை உதறுகிறது என்பதால், கனடாவில் இருக்கும் தம்பி 48 அங்குல நீளமான பட்டர் (பந்தைக் குழிக்குள் தட்டும் மட்டை) ஒன்றை அனுப்பினான். அதன் மேல் நுனியை நெஞ்சில் வைத்து அடிக்கிறேன், உதறல் நின்றுவிட்டது. போன மாதப் போட்டியில் கூட ஆடியவர் “இது விதிப்படி பிழை” என்றார். பட்டரைக் கைவிட வேண்டுமா? எதற்காக இந்தத் தடை? ஒரு கையை முழங்கைக்குக் கீழே இழந்த நண்பர் ஒருவரும் என்னோடு ஆட வருகிறார். அவருக்கும் இதே விதிதானா?

பதில்: பட்டரைக் கைவிட வேண்டாம். ஆனால் உங்களோடு ஆடியவர் சொன்னது சரி. விதி தடுப்பது மட்டையை அல்ல, அதை உடம்பில் ஊன்றி அடிப்பதைத்தான். பட்டர் இவ்வளவு நீளத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று எல்லை எதுவும் இல்லை. நுனியையோ அதைப் பிடித்த கையையோ நெஞ்சிலோ வயிற்றிலோ நாடியிலோ முட்டுக்கொடுத்து அடித்தால்தான் பிரச்சினை. மொத்த அடிகளை எண்ணும் அடிக்கணக்கு ஆட்டத்தில் இரண்டு அடி தண்டம், குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் மட்ச் பிளேயில் அந்தக் குழியே எதிராளிக்குப் போய்விடும். 2016 ஜனவரி 1 முதல் இதுதான் நடைமுறை. 2019இல் விதிப்புத்தகம் திருத்தி எழுதப்பட்டபோதும் 10.1ஆம் விதியில் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டையை ஊன்றி அடிப்பவர்கள் முன்பே இருந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011இல் கீகன் பிராட்லி வயிற்றில் ஊன்றிய பட்டரோடு பிஜிஏ சம்பியன்ஷிப்பை வென்றார். அடுத்த வருடம் வெப் சிம்ப்சன் யூஎஸ் ஓபனையும் எர்னி எல்ஸ் பிரிட்டிஷ் ஓபனையும் அதே முறையில் வென்றார்கள். அந்த நவம்பரிலேயே ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ ஆகிய இரண்டு விதி அமைப்புகளும் தடை யோசனையை வெளியிட்டன. தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் அமைப்புகளில் அமெரிக்க பிஜிஏ டூர் எதிர்த்தது, ஐரோப்பிய டூர் ஆதரித்தது. இந்த இழுபறிக்கு நடுவே, 2013 ஏப்ரலில் அடம் ஸ்கொட் நெஞ்சில் ஊன்றும் நீள பட்டரோடு மாஸ்டர்ஸை வென்றார். மே மாதம் தடை உறுதியானது.

ஊன்றினால் கூடுதலாகப் பந்து விழுகிறது என்று அந்த அமைப்புகள் வாதாடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மட்டை முழுவதையும் சுதந்திரமாக வீசுவதுதான் கோல்ஃப் அடி என்றார்கள். ஒரு முனையை உடம்பில் நிறுத்தினால் மட்டை கீலில் ஆடும் கதவு போல் ஆகிவிடும். பதற்றத்தில் கை நடுங்குவதும், அதை அடக்கப் பழகுவதும் ஆட்டத்தின் ஒரு பங்கு. அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். புதிதாக வந்த தடையும் அல்ல இது: பந்து போகும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, குழியைப் பார்த்து நின்று அடிப்பதையும் 1968இலேயே நிறுத்தினார்கள்.

மனம் ஒப்பாத இடம் வேறு. பிறவியிலேயே மணிக்கட்டைச் சரியாகத் திருப்ப முடியாத தொழில்முறை ஆட்டக்காரர் டிம் கிளார்க் போன்றவர்களுக்கு இது விருப்பத் தெரிவு அல்ல, வேறு வழி இல்லாததால் பழகிய பிடி. உங்கள் உதறலுக்கும் விதியில் சலுகை கிடையாது. இவ்வளவு காலம் அனுமதித்துவிட்டுப் பிறகு பறித்தது, அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் வலித்தது.

சரி, இனி எப்படிப் பிடிப்பது? மேல் கையை நெஞ்சிலிருந்து இரண்டு விரல் அகலமாவது தள்ளிப் பிடியுங்கள். பலர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். கை நெஞ்சில் படாது, ஆனால் அதே கையின் முன்கையை விலாவோடு அழுத்திவைப்பார்கள். அப்போது கை ஒரு நிலையான புள்ளியாகிவிடும், மட்டை அதைச் சுற்றி ஆடும். அதுவும் ஊன்றல்தான், அதே தண்டம். முன்கை என்றால் முழங்கை மூட்டுக்குக் கீழே, மணிக்கட்டும் சேர்த்து. மேற்புயம் உடம்பில் பட்டால் பரவாயில்லை.

அப்புறம் சட்டை. கொழும்பு வெயிலில் ஒன்பது குழி முடியுமுன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிடும். தொளதொள சட்டை காற்றில் வந்து கையில் பட்டால் குற்றமில்லை. கையாலோ மட்டையாலோ சட்டைத் துணியை உடம்போடு சேர்த்து அழுத்தினால், அந்தத் துணியும் உடம்பாகவே கணக்கு.

ஒரு சோதனை சொல்கிறேன். நீங்கள் அடிக்கும் நிலையில் நிற்க, கூட வருபவர் ஸ்கோர் கார்டை உங்கள் மேல் கைக்கும் சட்டைக்கும் நடுவே மேலிருந்து கீழே விட்டுப் பார்க்கட்டும், பிறகு முன்கைக்கும் விலாவுக்கும் நடுவே. தடையில்லாமல் விழுந்தால் நீங்கள் பாதுகாப்பு. ரோயல் கொழும்பு மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் போகும்போது, அந்தச் சத்தத்தில் ஒரு பட் அடித்துப் பாருங்கள். பதற்றத்தில் கை தன்னையறியாமல் நெஞ்சை நோக்கி வருகிறதா என்பது அப்போது தெரியும்.

இந்த இடைவெளியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், விதி வேண்டுமென்றே ஊன்றுவதைத்தான் குற்றமாக்குகிறது. மனதில் என்ன இருந்தது என்று வெளியில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? 2017இல் தொழில்முறை ஆட்டக்காரர்களான பேர்ன்ஹார்ட் லாங்கர், ஸ்கொட் மக்காரன் இருவரும் ஊன்றுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. விதியை மீறவில்லை என்று இருவரும் சொன்னார்கள், யூஎஸ்ஜிஏயும் அதை ஏற்றது. ஆனாலும் சந்தேகம் லேசில் அடங்கவில்லை. நேர்மையான ஆட்டக்காரருக்கு இந்த நிலை வருவது விதியின் பலவீனம். இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் உங்களிடம் யாரும் கேட்க வேண்டி வராது. அதே லாங்கர் 2023இல், 65 வயதில், நீள பட்டரோடுதான் யூஎஸ் சீனியர் ஓபனை வென்றார். உங்களுக்கு 61தானே.

அப்படியும் உதறல் நிற்காவிட்டால், பட்டரின் கைப்பிடியை இடது முன்கையின் உட்புறத்தோடு சேர்த்துப் பிடிக்கும் முறை இருக்கிறது. முன்கையில் மட்டை சாய்வதை விதி அனுமதிக்கிறது, முழங்கைக்கு மேலே மட்டும் போகக்கூடாது. இதற்கு 40 அங்குலத்தை ஒட்டிய பட்டர் வேண்டும். தம்பி அனுப்பியதை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். நீள பட்டரின் தலை கனமானது, குட்டையாக்கினால் கையில் சம்மட்டி பிடித்தது போலவே இருக்கும். இரவல் வாங்கி முதலில் பழகிப் பாருங்கள்.

உங்கள் நண்பருக்குத் தடை இல்லை. 2023 முதல் 25ஆம் விதி, உறுப்பை இழந்தவர்கள் அந்தக் குறை காரணமாகத் தேவைப்பட்டால் மட்டையை உடம்பில் ஊன்றி அடிக்கலாம் என்கிறது. எல்லாப் போட்டிகளுக்கும் அது பொருந்தும், கழகம் தனியாக உள்ளூர் விதி போட வேண்டியதில்லை. ஆட்டம் தொடங்குமுன் அவருடைய கார்டை எழுதுபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.