ரயில் துப்பறியும் நாவல்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

19ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் ரயில்களைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களை வாசிப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் வாசிக்கும் நாவலில், ஓடும் ரயிலின் முதல் வகுப்பில் ஒருவர் கொல்லப்படுகிறார். அடுத்த அறையில் இருந்தவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. கொலையாளியும் யார் கண்ணிலும் படாமல் இறங்கிப் போய்விடுகிறான். நம்பும்படியாக இல்லையே?

பதில்: தாராளமாக நம்பலாம். இன்றைய ரயிலை மனத்தில் வைத்து வாசிப்பதால்தான் இந்த ஐயம் எழுகிறது. அக்காலப் பெட்டி பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அறைக்கும் நேரே நடைமேடையில் இறங்கும் கதவுகள் இருந்தனவே தவிர, ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வழி கிடையாது. பக்கவாட்டில் நடைவழி அமைந்த ரயில் பிரிட்டனில் ஓடத் தொடங்கியது 1892இல்தான். ஆகவே வண்டி புறப்பட்டுவிட்டால், அடுத்த நிலையம் வரும்வரை, முன்பின் அறியாத இருவர் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதைப் போலத்தான்.

உண்மையிலேயே இப்படி ஒரு கொலை நடந்தது. 1864 ஜூலை 9ஆம் தேதி இரவு, 69 வயதான வங்கி அதிகாரி தாமஸ் பிரிக்ஸ், லண்டனின் ஃபென்சர்ச் தெரு நிலையத்தில் ஏறி ஹாக்னிக்குப் புறப்பட்டார். ஹாக்னியில் காலியாக இருந்த ஓர் அறைக்குள் ஏறிய இரண்டு எழுத்தர்களின் கையில் ஈரம் ஒட்டியது. வெளிச்சத்தில் பார்த்தால் ரத்தம். உள்ளே ஒரு கைத்தடி, ஒரு பை, ஒரு தொப்பி. தண்டவாளத்தின் அருகே குற்றுயிராகக் கண்டெடுக்கப்பட்ட பிரிக்ஸ் மறுநாள் இறந்துபோனார். அறையில் கிடந்த தொப்பி அவருடையதன்று என்பதே வழக்கின் உயிர்நாடியாக அமைந்தது. அது ஃபிரான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியத் தையற்காரருடையது என்று ஒரு குதிரைவண்டிக்காரர் அடையாளம் சொன்னபோது, முல்லர் பாய்மரக் கப்பலில் நியூயார்க்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ரிச்சர்ட் டானர் நீராவிக் கப்பல் ஏறி, அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து காத்திருந்தார். பிரிக்ஸின் கடிகாரமும், உயரம் குறைத்துத் தைக்கப்பட்ட ஒரு தொப்பியும் முல்லரிடம் இருந்தன. அவர் அதே ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார்.

கேள்வி: அபாயச் சங்கிலியை இழுத்திருக்கலாமே?

பதில்: அப்படி ஒன்று இருந்தால்தானே இழுப்பதற்கு! இந்தக் கொலை எழுப்பிய அச்சத்துக்குப் பிறகு, 1868ஆம் ஆண்டுச் சட்டமே, 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் ரயில்களில் பயணிகள் ரயில் பணியாளரைத் தொடர்புகொள்ள ஏதேனும் ஒரு வசதி இருக்கவேண்டும் என்று விதித்தது. 1855இல் நடக்கும் கதையில் யாராவது சங்கிலியை இழுத்தால், அது ஆசிரியரின் பிழை. எனவே நாவலைத் திறந்ததும் கதை நடக்கும் ஆண்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கதாபாத்திரங்கள்மேல் சந்தேகப்படுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: 1850களில் நடக்கும் கதையில், குற்றவாளி ரயிலைவிட்டு இறங்குவதற்குள் காவலருக்குத் தகவல் வந்துவிடுகிறது. அவ்வளவு முன்பே இது சாத்தியமா?

பதில்: 1845ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே நடந்திருக்கிறது. சால்ட் ஹில்லில் ஒரு பெண்ணுக்கு நஞ்சூட்டிய ஜான் டாவெல், ஸ்லவ் நிலையத்தில் ரயிலேறினார். அவருடைய உடையை வருணித்து, லண்டனின் பாடிங்டன் நிலையத்துக்குத் தந்தி பறந்தது. அவர் அணிந்திருந்தது குவேக்கர் (Quaker) என்ற கிறித்தவப் பிரிவினரின் உடை. ஆனால் அந்தத் தந்திக் கருவியில் ‘க்யூ’ என்ற எழுத்தே கிடையாது. எனவே ‘கே’, ‘டபிள்யூ’ என்று எழுத்துக்கூட்டி அனுப்பினார்கள். எதிர்முனையில் இருந்தவர் முதலில் விழித்தாலும், பிறகு புரிந்துகொண்டார். டாவெல் பின்தொடரப்பட்டுக் கைதானார். தந்தி தொழில்நுட்பத்தின் பெருமையைவிட, இல்லாத அந்த ஓர் எழுத்துதான் எனக்கு நாவலாசிரியருக்குரிய பொருளாகத் தோன்றுகிறது.

கேள்வி: பிரிஸ்டலில் சாட்சி சொல்லும் நேரமும் ரயில்வே நேரமும் பத்து நிமிடம் வேறுபடுகின்றன. அச்சுப் பிழையா?

பதில்: இல்லை, அது துப்பாகக்கூட இருக்கலாம். ஒவ்வோர் ஊரும் தன் சூரியனை வைத்தே மணி கணக்கிட்டது. பிரிஸ்டல் லண்டனுக்கு ஏறத்தாழ 10 நிமிடம் பின்தங்கியிருந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இலேயே லண்டன் நேரத்துக்கு மாறிவிட்டாலும், நாடு முழுவதற்கும் ஒரே நேரம் சட்டமானது 1880இல்தான். பிரிஸ்டல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு. சாட்சி எந்த முள்ளைப் பார்த்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: கைரேகையை ஏன் எடுப்பதில்லை?

பதில்: லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901இல்தான் தொடங்கியது.

கேள்வி: இவ்வளவு தடைகளோடு துப்பறிவாளர் எதை நம்பித்தான் வேலை செய்தார்?

பதில்: எடை, சாவி, மனிதர் மனம். 1855 மே மாதம் லண்டனிலிருந்து ஃபோக்ஸ்டனுக்குச் சென்ற ரயிலில், பாரிசுக்கு அனுப்பப்பட்ட தங்கம் களவாடப்பட்டு, அதற்குப் பதிலாக ஈயக் குண்டுகள் வைக்கப்பட்டன. கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சின் புலோன் துறைமுகத்தில் பெட்டிகளை எடைபோட்டபோது, ஒன்று எடை குறைந்திருந்தது. மற்றவை சற்றே கூடியிருந்தன. பாரிசில் திறந்தபோது ஈயம் தெரிந்தது. ஆயினும் களவு எங்கே நடந்தது என்பதே பெரும் சர்ச்சையாகி, மர்மம் மாதக்கணக்கில் நீடித்தது. எட்வர்ட் ஏகர் என்ற திருடர் வேறொரு குற்றத்துக்காகச் சிறைபட்டபோது, தம் துணைவி ஃபேனி கேயிடம் சேர்ப்பிக்கும்படி கூட்டாளி வில்லியம் பியர்ஸிடம் பணத்தை ஒப்படைத்திருந்தார். பியர்ஸ் அதைக் கொடுக்கவில்லை. ஃபேனி கே வாய் திறந்தார்; ஏகரும் அனைத்தையும் சொல்லிவிட்டார்.